ஆளில்லாத கார் நமக்கு எப்படிச் சைகை காட்டும்?

கேள்வி: ஓட்டுநர் இருந்தால் கையைக் காட்டுவார், தலையசைப்பார். ஆளே இல்லாத கார் நமக்காகத்தான் நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அது வேகம் குறைக்கும் விதத்தை வைத்துத்தான். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தே சாலையைக் கடக்கிறோம் என்று நினைக்கிறோம். வெயிலில் கண்ணாடி மின்னும்போதும் இரவிலும் முகம் எங்கே தெரிகிறது? ஆகவே வடிவமைப்பு பிரேக்கிலிருந்து தொடங்க வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் காரை, ஒவ்வொரு நொடியும் மணிக்கு 7 கி.மீ. வீதம் வேகம் குறைத்து நிறுத்த, நாலு நொடிக்குச் சற்று மேலும் ஏறக்குறைய 18 மீட்டரும் தேவை. அதையே 9 மீட்டரில் நிறுத்தினால் பிரேக் இரு மடங்கு கடுமையாகும். கார் நின்றாலும் நடப்பவர் பின்வாங்கிவிடுவார். நடப்பவர் கடக்கும் கோட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்பே நிற்பது நல்லது. நின்ற பிறகு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால், எந்த விளக்கைப் போட்டாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் தனி விளக்கு எதற்கு? என்ன நிறம்?

பதில்: தூரத்தில் கார் மெதுவாக வரும்போது வேகம் குறைவது கண்ணுக்குப் பிடிபடாது. அங்கே விளக்கு கைகொடுக்கும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றுக்கும் வாகனத்தில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. பச்சையில் வேறு சிக்கல்: ‘நீ போ’ என்கிறதா, ‘நான் போகிறேன்’ என்கிறதா? அதனால்தான் வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு 2019-இல் நீலப்பச்சையைப் பரிந்துரைத்தது. 2023 டிசம்பரில் மெர்சிடிஸ் நிறுவனம் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களில் அதற்கு அனுமதி பெற்றது. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். அந்த விளக்கு ‘கணினி ஓட்டுகிறது’ என்று மட்டுமே சொல்லும். ‘உங்களுக்கு வழிவிடுகிறேன்’ என்று சொல்லாது.

வழிவிடுவதைச் சொல்ல, நிறத்தைவிட அசைவு மேல். நிறக்குருடு உள்ளவருக்கும் புரியும். 2017-இல் ஃபோர்டு நிறுவனமும் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமும் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளை விளக்குப்பட்டை வைத்துச் சோதித்தன. விளக்கு நிலையாக எரிந்தால் கார் தானாக ஓடுகிறது. பக்கவாட்டில் நகர்ந்தால் நிற்கப் போகிறது. வேகமாகச் சிமிட்டினால் புறப்படப் போகிறது. முதல் தடவை பார்ப்பவருக்கு இதில் எதுவும் விளங்காது, பழகித்தான் ஆக வேண்டும். நிறுவனத்துக்கு ஒரு சைகை என்றானால் பழகவும் வழியில்லை. பட்டை பெரிதாக இருந்தால், சிமிட்டல் நொடிக்கு மூன்றைத் தாண்டாமல் இருப்பது வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு.

நேரமும் முக்கியம். பிரேக் பிடிக்கும் அதே கணத்தில் விளக்கு மாற வேண்டும். முந்தினால் வேகமாக வரும் காரின் முன் காலை வைத்துவிடுவார்கள். நின்றபின் மாறினால் பயனில்லை.

கேள்வி: ‘கடக்கலாம்’ என்று எழுதிக் காட்டிவிட்டால் எளிதல்லவா?

பதில்: வேண்டாம். அடுத்த தடத்தில் வரும் வண்டிக்கு இந்தக் கார் எப்படி உத்தரவாதம் தரும்? ‘நான் நிற்கிறேன்’ என்று தன்னைப் பற்றி மட்டும் சொல்லட்டும். தவிர, 10 மீட்டர் தூரத்தில் படிக்க 2.5 செ.மீ. உயர எழுத்து என்று வைத்தாலும் 30 மீட்டருக்கு 7.5 செ.மீ. வேண்டும். மொழி தெரியாதவருக்கும் சிறு பிள்ளைக்கும் அதுவும் வீண்.

கேள்வி: பார்வையற்றவர்களுக்கு?

பதில்: ஒலிதான் வழி. ஓசையில்லா வாகனங்களுக்கான ஐ.நா. விதி 138-இன்படி மின்வாகனம் 20 கி.மீ. வேகம் வரை ஒலியெழுப்ப வேண்டும், 10 கி.மீ. வேகத்தில் குறைந்தது 50 டெசிபல். ஆனால் நின்றுவிட்ட வண்டிக்கு அது கட்டாயமில்லை. வழிவிட்டு நிற்கும் கார்தான் காதுக்குக் காணாமல்போகிறது. ஆகவே நின்ற நிலைக்கும் புறப்படுவதற்கும் வெவ்வேறு ஒலி வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழு ஒரு மாதிரி விளக்கைச் சோதிக்க விரும்புகிறது. எப்படித் தொடங்கலாம்?

பதில்: மூடிய மைதானத்தில், ஓட்டுநரை இருக்கை உறை போன்ற உடையில் மறைத்துத் தொடங்குங்கள். பங்கேற்பவர் நிஜமாகக் கடக்க வேண்டாம். கடக்க நினைக்கும் கணத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விளக்கு உள்ள ஓட்டம், இல்லாத ஓட்டம், கார் நிற்காமலே போகும் ஓட்டம் மூன்றையும் கலைத்துப்போட்டு நடத்துங்கள். எப்போதும் நிற்கும் காரையே காட்டினால், விளக்கைப் பாராமலே பொத்தானை அழுத்தப் பழகிவிடுவார்கள். பிறகு விளக்கு ‘நிற்கிறேன்’ என்று காட்டியும் கார் வேகம் குறைக்காத ஓட்டம் ஒன்றைச் செருகுங்கள். எத்தனை பேர் அப்போதும் பொத்தானை அழுத்துகிறார்கள் என்பதுதான் நீங்கள் தேட வேண்டிய எண்.