கோத்தா பாரு கடற்கரையில் நின்றவர்கள்

கேள்வி: மலாயாவுக்குக் கொண்டுவிற்கப் போயிருந்த எங்கள் ஐயா, ஜப்பானியர் கரையிறங்கிய இரவில் முதலில் எதிர்த்து நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்களே என்பார்கள். அது உண்மையா? அவர்களுக்கு நினைவிடம் உண்டா?
- வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: ஐயா சொன்னது உண்மையே. 1941 டிசம்பர் 8 அன்று நள்ளிரவுக்குச் சற்றுப் பின், பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பாகவே, மலாயாவின் கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவை அடுத்த சபாக், படாங் கடற்கரைகளில் ஜப்பானியர் இறங்கத் தொடங்கினர். அங்கே முள்கம்பிக்கும் கண்ணிவெடிகளுக்கும் பின்னால், காவலரண்களில் இருந்தவர்கள் இந்தியப் படையின் 17ஆம் டோக்ரா படைப்பிரிவின் 3ஆம் பட்டாலியன் வீரர்கள். கடலையே காணாத மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த அவர்களில் பலர், தங்கள் இடத்தை விட்டு அகலாமல் அந்தக் கரையிலேயே மடிந்தார்கள். போரின் பெருங்கதைகளில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நினைவிடம் உண்டு. சிங்கப்பூரின் வடபகுதியில், கிராஞ்சிப் போர் நினைவகச் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையினரும் அவர்களுள் அடங்குவர். தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் நம்மவர்கள், ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி அங்கும் சென்று, டோக்ரா படைப்பிரிவின் பெயர்களைத் தேடி வாசித்து வர வேண்டும். நம்மவர்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்தபடி ஐயா கண்டதையும் கேட்டதையும் நீங்கள் இப்போதே எழுதி வையுங்கள்.