டைவிங் படகில் டிப்ஸ், பழகும் முறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கட்டணம் முழுவதையும் செலுத்திய பிறகும் ஸ்கூபா படகின் ஊழியர்களுக்கு டிப்ஸ் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை, ஆனால் கொடுக்கும்படியே நான் சொல்வேன். காற்று நிரப்பிய அலுமினிய சிலிண்டர் ஒன்று 15 கிலோவுக்கு மேல் இருக்கும். 10 பேர் இரண்டு முறை இறங்கினால், குறைந்தது 20 சிலிண்டர்களை நீங்கள் வருவதற்கு முன்பே ஏற்றி, ஆடும் தளத்தில் மாற்றிப் பொருத்தி, நீங்கள் போன பிறகு இறக்கி வைக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே, சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். படகிலேயே தங்கும் பல நாள் பயணங்களில் பயணக் கட்டணத்தில் 10 சதவீதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஒரு நாள் பயணமென்றால், எத்தனை முறை இறங்கினீர்கள் என்பதை வைத்துக் கணக்கிடுவது நியாயமானது.

கேள்வி: பணத்தை யாரிடம் கொடுப்பது?

பதில்: பொதுப் பெட்டி உண்டா என்று முதலில் கேளுங்கள். உங்களோடு நீருக்குள் வந்த டைவ் மாஸ்டரின் கையில் மட்டும் கொடுத்தால், கம்ப்ரசர் அருகே நின்று காற்று நிரப்பியவருக்கும் சமையல்காரருக்கும் அது போய்ச் சேராமல் போகலாம். ஊழியர்கள் தினமும் மாறும் படகில் அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுச் சில்லறைக் காசுகளையும் கிழிந்த நோட்டுகளையும் அவர்களால் மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: புகைப்படத்துக்காக வழிகாட்டி ஒரு பேத்தை மீனைச் சீண்டி ஊதவைத்தார். மற்றவர்கள் மகிழ்ந்து கூடுதலாகக் கொடுத்தார்கள், நான் தயங்கினேன். என் தயக்கம் சரியா?

பதில்: முற்றிலும் சரி. பேத்தை மீன் நீரை விழுங்கி உடலை உப்பவைப்பது தன்னைத் தின்ன வரும் எதிரியிடமிருந்து தப்புவதற்காக. அந்தப் படத்துக்காக அதை உயிர்ப்பயத்தில் ஆழ்த்தியிருக்கிறார்கள். இதில் வழிகாட்டியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் எதைச் செய்தால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதைப் பயணிகள்தான் அவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இறங்குவதற்கு முன்பே, எதையும் தொட்டுக் காட்ட வேண்டாம், தள்ளி நின்று பார்த்தாலே போதும் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் அவர் அப்படியே செய்தால், பலர் முன்னிலையில் அவமானப்படுத்தாமல், பொறுப்பாளரிடம் தனியே காரணத்தைச் சொல்லி, அவருக்குரிய டிப்ஸை நிறுத்திக்கொள்ளலாம். பவளத்தின் மேல் கால் படாமல் குழுவை அழைத்துச் சென்றவருக்கு, அந்தக் காரணத்தைச் சொல்லியே தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி: கடல் கொந்தளிப்பால் ஒருமுறைகூட இறங்காமல் திரும்பினோம். அப்போதும் டிப்ஸ் உண்டா?

பதில்: உண்டு. உங்கள் அதிருப்தியைத் தாங்கிக்கொண்டு கேப்டன் எடுத்த முடிவு அது.

கேள்வி: பணம் தவிர, ஊழியர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது என்ன?

பதில்: சொன்னபடி நடப்பதைத்தான். சிலிண்டரில் 50 பாருக்கு (காற்றழுத்தத்தின் அலகு) குறையாத காற்றோடு படகை அடையுங்கள். ஏணியில் ஒருவர் ஏறும்போது அவருக்கு நேர் கீழே காத்திருக்காதீர்கள். அவருடைய சிலிண்டரோ ஈயப் பட்டையோ நழுவினால் உங்கள் தலையில்தான் விழும். படகில் ஏறி நிற்கும்வரை முகமூடியும், வாயில் கவ்வி மூச்சிழுக்கும் கருவியான ரெகுலேட்டரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கேமராக்களைக் கழுவ வைத்திருக்கும் நீரில் முகமூடியை முக்காதீர்கள்; மங்கல் படியாமலிருக்க முகமூடியில் தடவிய ஷாம்பு கேமராவின் கண்ணாடியில் படியும். உங்கள் கருவியை ஊழியர் பொருத்தித் தந்தாலும் நீங்களும் சரிபாருங்கள்: அழுத்தமானியைப் பார்த்தபடி நான்கைந்து முறை மூச்சிழுக்கும்போது முள் சரிந்து சரிந்து எழுந்தால் வால்வு முழுமையாகத் திறக்கவில்லை. இப்படிச் சரிபார்ப்பதை எந்த நல்ல ஊழியரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆள் கணக்கெடுப்பு. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் ஒரு தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாள் கழித்தே தெரியவந்தது. பெயர் கூப்பிடும்போது கழிப்பறையில் இருக்கும் நண்பருக்காக நீங்கள் குரல் கொடுக்காதீர்கள். ஊழியர் அவரை நேரில் பார்க்கும்வரை படகு காத்திருக்கட்டும்.