24 வோல்ட் பி.எல்.சி-யில் ஓடும் ஸ்டெப்பர் மோட்டார் மெல்ல மெல்ல இடம் மாறுகிறது, டிரைவரை மாற்றலாமா?

மாற்றாதீர்கள். கோத்தகிரியில் தேயிலை பேக்கிங் யூனிட், எடை ஹாப்பரின் (தூளை நிறுத்து விடும் தொட்டி) கதவைத் திறந்து மூடும், ஒரு பல்ஸுக்கு ஒரு அடியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார், பி.எல்.சி (இயந்திரத்துக்குக் கட்டளையிடும் கட்டுப்பாட்டுப் பெட்டி) தரும் சிக்னலை வாங்கி அதை ஓட்டும் டி.எம்.542 டிரைவர், காலையில் சரியாக மூடும் கதவு மத்தியானத்துக்குள் தூளை ஒழுகவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விலகல் எப்போதும் ஒரே பக்கம் என்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது.

மோட்டார் ஷாஃப்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, வேகத்தைக் கால்வாசியாக்கி 50 முறை திறந்து மூடிப் பாருங்கள். விலகல் நின்றுவிட்டால் மோட்டாருக்கு இழுவை போதவில்லை. ஆக்சிலரேஷன் நேரத்தைக் கூட்டுங்கள்; ஜனவரி உறைபனியில் கிரீஸ் இறுகும்போது இது இன்னும் அவசியம். அதே அளவு விலகினால், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லும் டைரக்ஷன் சிக்னல் பிந்தி வருகிறது.

டிரைவர் உள்ளே சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் இருக்கிறது. அது வேகமாக ஆன் ஆகும், மெதுவாகத்தான் ஆஃப் ஆகும். டைரக்ஷனை ஆஃப் செய்த அதே நொடியில் பல்ஸையும் விட்டால், முதல் பல்ஸ் பழைய திசையிலேயே போய்விடும். இரண்டு பக்கத் திருப்பத்திலும் இப்படி நடந்தால் பிழை கழிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் நடப்பதால், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இரண்டு மைக்ரோஸ்டெப் (ஒரு பல்ஸுக்கு மோட்டார் திரும்பும் அளவு) விலகல் சேர்கிறது. முழுச் சுற்றுக்கு 1600 பல்ஸ் என்ற செட்டிங்கில் அது 0.45 டிகிரி; 50 முறைக்கு 22.5 டிகிரி. உங்கள் கோடு அந்த அளவில் நகர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த வகை டிரைவருக்கு டைரக்ஷனுக்கும் பல்ஸுக்கும் நடுவே 5 மைக்ரோசெகண்ட் இடைவெளி போதும். நீங்கள் பி.எல்.சி-யின் லேடர் புரோகிராமில் டைரக்ஷனுக்குப் பிறகு 10 மில்லிசெகண்ட் டைமர் போட்டு பல்ஸைத் தொடங்குங்கள். கதவு வேகம் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்து ரெசிஸ்டர். டிரைவர் உள்ளே இருப்பது சுமார் 270 ஓம்தான், 5 வோல்ட்டுக்கானது. 24 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் 80 மில்லிஆம்பியருக்கு மேல் பாய்ந்து ஆப்டோ போய்விடும். பல்ஸ், டைரக்ஷன் இரண்டிலும் தனித்தனியாக 2 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போடுங்கள். பி.எல்.சி-யில் என்பிஎன் அவுட்புட் (மைனஸ் பக்கத்தை சுவிட்ச் செய்வது) என்றால் பிளஸ் முனைகள் ரெசிஸ்டர் வழியாக 24 வோல்ட்டுக்கு, மைனஸ் முனைகள் பி.எல்.சி-க்கு. டைரக்ஷன் ஆனில் இருக்கும்போது மல்டிமீட்டரில் ரெசிஸ்டர் குறுக்கே 20 வோல்ட், டிரைவர் முனைகளில் 4 வோல்ட் போல வர வேண்டும். டிரைவரில் 5/24 தேர்வு சுவிட்ச் இருந்து 24-இல் வைத்திருந்தால் ரெசிஸ்டர் வேண்டாம். ரிலே அவுட்புட்டில் பல்ஸ் எடுக்கவே கூடாது.

'ஓசிலாஸ்கோப் இல்லாமல் என்ன பேச்சு' என்று யாராவது வருவார்கள். சிக்னலைத் திரையில் காட்டும் அந்த ஸ்கோப் மலையில் எத்தனை யூனிட்டில் இருக்கிறது? சில ரூபாய் ரெசிஸ்டருக்கே மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருக்கிறது. பச்சை இலை விலை இருக்கிற லட்சணத்தில், தன் இடத்தைத் தானே சரிபார்க்கும் சர்வோ மோட்டார் போடச் சொல்பவர்கள் பணத்தையும் அனுப்பி வைக்கட்டும்.

டிரைவரின் எனேபிள் முனைகளை வயர் போடாமல் விடுங்கள். அதில் கரண்ட் பாய்ந்தால் மோட்டார் தளர்ந்து, கதவு தன் எடையிலேயே தொங்கிவிடும். ஃபேன் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி-யின் கேபிளோடு சிக்னல் வயரை ஒரே டிரேயில் இழுக்காதீர்கள். சிக்னல் வயரைச் சுற்றியுள்ள ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டெர்மினல் பச்சை பூத்திருந்தால் வயர் நுனியை வெட்டிவிட்டுப் புது லக் (வயர் நுனிக்கான உலோக முனை) அடியுங்கள்.