மூளைச் செல்லுக்கு உரம் போட முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. அல்சைமர் மறதிநோய் என்று டொனெபெசில் மாத்திரை கொடுக்கிறோம். 'நரம்பு வளர்ச்சிக் காரணி' மூளைச் செல்களைச் சாகவிடாமல் காக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது, கீழேயே ஒரு கேப்ஸ்யூல் விளம்பரம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாங்காதீர்கள். ஆனால் வீடியோக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கலே.

இந்தக் காரணி நிஜமானது. இதைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி மொண்டால்சினி, முசோலினியின் யூத விரோதச் சட்டத்தால் வேலையிழந்து, இத்தாலியின் டூரினில் தன் படுக்கையறையிலேயே கோழிக்கருவின் நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பிறகு அமெரிக்கா போய் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து, பாம்பு விஷத்திலும் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் (எங்கெங்கே இருந்திருக்கிறது பாருங்கள்!) இந்தப் புரதம் மண்டிக்கிடப்பதைக் கண்டார். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

அல்சைமருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நினைவாற்றலுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் மூளையின் முன்பக்க அடிப்பகுதியில் இருக்கின்றன. அவை தெம்பாக இருக்க இந்தக் காரணி தேவை, அல்சைமரில் சீக்கிரமே நலிவதும் அவைதான். உங்கள் அம்மா சாப்பிடும் மாத்திரை, மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலின் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான், செல்லைக் காப்பாற்றாது. செல்லையே காப்பாற்றிவிட்டால்? இந்தக் காரணியைக் கொடுத்தபோது எலியிலும் குரங்கிலும் அது பலித்தது.

மனிதர்களிடம்தான் தகராறு. இது புரதம், விழுங்கினால் பருப்பைப் போல வயிற்றிலேயே செரித்துவிடும். ஊசியாகப் போட்டாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டாது. ஸ்வீடனில் மூன்று நோயாளிகளின் மூளைக்குள் குழாய் வழியாகவே செலுத்திப் பார்த்தார்கள், முதுகுவலி வந்தது, எடை குறைந்தது. 2001-இல் சான் டியேகோவில் மார்க் டுஷின்ஸ்கி குழுவினர், நோயாளியின் தோல் செல்லை எடுத்து, இந்தக் காரணியைச் சுரக்கும்படி மரபணுவை மாற்றி, மூளைக்குள் வைத்தார்கள். அப்புறம் வைரஸ் மூலம் மரபணுவை அனுப்பும் முறை வந்தது. 49 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2018-இல் வெளியானது: ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்து செலுத்தாமல் பெயருக்கு மட்டும் அறுவை செய்யப்பட்டவர்களுக்கும், மருந்து பெற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இறந்தவர்களின் மூளையைப் பின்னர் சோதித்தபோது, மருந்து போய்ச் சேரவேண்டிய செல்களுக்குப் போகவே இல்லை என்று தெரிந்தது! ஆக, மருந்து தோற்றதா, விலாசம் தப்பியதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதே குழு இப்போது பிடிஎன்எஃப் என்ற இன்னொரு நரம்பு வளர்ச்சிப் புரதத்தை, எம்ஆர்ஐ ஸ்கேனில் இடத்தைப் பார்த்துப் பார்த்துச் செலுத்தும் முயற்சியில் இறங்கியிருக்கிறது.

மண்டையைத் திறந்தும் சேர்க்க முடியாததைக் கேப்ஸ்யூல் சேர்த்துவிடுமா?

சரி, காசில்லாத வழி ஒன்று. மறதிநோய் இல்லாத 120 முதியவர்களை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தவர்களுக்கு, நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி ஓராண்டில் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, ரத்தத்தில் பிடிஎன்எஃப் கூடியவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவுக்கு இதனால் நோய் திரும்பிப் போகும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு, சாயங்காலம் கையைப் பிடித்து மெதுவாக நடக்க வையுங்கள், தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.