கண் மருத்துவத்துல எல்லா பின்னணி ஆட்களும் வேலைக்கு வரணும்னா என்ன பண்ணணும்?

நான் டாக்டர் இல்லீங்க, எங்க அப்பத்தாவ கண்புரை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போன ஆளு, அவ்ளோதான். டாக்டர் கேட்டதுக்கெல்லாம் "ம்"னு சும்மா தலைய ஆட்டுன கிழவி, செக் பண்ண வந்த சிஸ்டர் பொண்ணு "அப்பத்தா, தாடைய இதுல வச்சு நெத்திய ஒட்டிக்கங்க"ன்னதும் சொட்டு மருந்த ரெண்டு மாசமா ஊத்தலங்கிற உண்மைய அவகிட்ட மட்டும் கக்கிருச்சு. பேச்ச வச்சே நம்ம பக்கத்துப் புள்ளைன்னு தெரிஞ்சுக்கிச்சு போல.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இதத்தான் பெருசா பண்ணுச்சு. 1976ல 11 படுக்கையோட டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்சப்போ அவர் கவர்மென்ட் வேலையில ரிட்டயர் ஆனவரு, முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போனவரு, அந்தக் கையாலதான் லட்சம் ஆபரேஷனுக்கு மேல பண்ணிருக்காரு. (இன்னைக்கு ஒரு இன்டர்வியூல அந்தக் கைய நீட்டியிருந்தா வேலை குடுத்திருப்பாங்களா?) பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்கள எடுத்து ரெண்டு வருஷம் ட்ரெயினிங் குடுக்குறாங்க, பார்வை பாக்குறது, தியேட்டர்ல உதவுறது, நோயாளிக்கு எடுத்துச் சொல்றது எல்லாம் அவங்கதான், அதனாலதான் டாக்டர் ஒரு கேஸ் முடிச்சதும் அடுத்ததுக்குப் போக முடியுது.

அமெரிக்காவுல பாட்ரீசியா பாத்னு ஒரு கருப்பின கண் டாக்டர். நியூயார்க்ல ஹார்லெம் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல அவ்ளோ பேருக்குப் பார்வை போயிருக்கே, அதே ஊர்ல கொலம்பியா யுனிவர்சிட்டி கண் கிளினிக்ல அப்படி இல்லையேன்னு கவனிச்சவங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற யூசிஎல்ஏ யுனிவர்சிட்டியில வேலைக்குச் சேந்தப்போ ஆய்வக விலங்குங்க பக்கத்துல பேஸ்மென்ட்ல ரூம் குடுத்தாங்களாம், வேணாம்னுட்டாங்க. அப்புறம் லேசர் வச்சு கண்புரை எடுக்குற கருவிக்கு 1988ல பேட்டன்ட் வாங்குனாங்க.

ஆனா எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. ஆள் எடுக்குறதோட வேலை முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறோம், சிஸ்டரா வந்த புள்ள மேல ஏற வழி எங்க? எங்க மாமா பொண்ணு வேற ஒரு ஊர்ல கண் டெக்னீஷியன், ஆறு வருஷமா கண்ணாடி பவர் பாக்குறா, வேலையில நேர்த்தின்னு டாக்டருங்களே சொல்வாங்க. ஆப்டோமெட்ரி, அதான் கண்ண செக் பண்ணி கண்ணாடி எழுதிக் குடுக்குற டிகிரி, அதப் படிடின்னேன். நாலு வருஷம். வேலை பாத்துக்கிட்டே படிக்கவோ, இந்த ஆறு வருஷத்தக் கணக்குல எடுத்து ஒரு வருஷமாவது கொறைக்கவோ அவளுக்கு வழி கிடைக்கல. ஃபார்ம் வாங்கி ஃபில் பண்ணி வச்சிருந்தா, தம்பி காலேஜ் ஃபீஸ் அவ சம்பளத்துலதான் போகுதுன்னு கடைசியில கட்டவே இல்ல.