தாராவை நசிக்காமல் தூக்கிவர நாயைப் பழக்குவது எப்படி?

கேள்வி: முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறேன். 60 தாரா (வாத்து) நிற்கிறது. பின்னேரம் கூட்டுக்கு வராமல் சம்புப் பற்றைக்குள் ஒளிக்கும் தாராக்களைத் தூக்கிவர, பத்து மாத நாயொன்றைப் பழக்குகிறேன். ஓடிப்போய்ப் பிடிக்கிறது, ஆனால் அமத்திக் கடிக்கிறது. இரண்டு செத்துவிட்டன. சிலவேளை கரையில் போட்டுவிட்டு ஓடிவிடுகிறது. அடித்தும் பார்த்தேன், திருந்தவில்லை. என்ன செய்யலாம்? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: ஒரு மாதத்துக்கு நாயைத் தாராவுக்குக் கிட்ட விடாதீர்கள். அடியையும் இன்றோடு நிறுத்துங்கள். தாராவோடு உங்களிடம் வந்த நேரத்தில் அடி விழுந்தால், கடித்ததற்குத்தான் அடி என்று நாய்க்கு விளங்காது. தாராவோடு கிட்டப் போனால் அடி என்றுதான் அது படிக்கும். கரையில் போட்டுவிட்டு ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஓடிப்போய் எடுப்பது நாய்க்குப் பிறவிக்குணம். எடுத்ததை வாயில் சும்மா வைத்திருப்பது பழக்கினால்தான் வரும். உங்கள் நாய் இரண்டாவதைப் படிக்காமலே குளத்துக்குப் போயிருக்கிறது. ஆகவே ஓட்டமே இல்லாமல், இருந்த இடத்தில் தொடங்குங்கள். பத்து மாதத்தில் பால்பல் விழுந்து முடிந்திருக்கும், வாய்நோவு இராது. நல்ல வயது.

ஓரங்குலத் தடிப்பும் ஒன்பது அங்குல நீளமும் உள்ள பூவரசம் கம்பொன்றைத் தோல் சீவி எடுங்கள். வேம்பு கசக்கும், வேண்டாம். நாயை ஒரு வாங்கில் ஏற்றி இருத்தி, கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடக்கையை மூக்குக்கு மேலால் கொடுத்து வாயைத் திறந்து, கம்பை வேட்டைப்பல்லுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். கடைவாய்க்குப் போனால் சப்பத் தொடங்கும். வாயை மூடமுன் உதட்டை விரலால் வெளியே இழுத்துப் பாருங்கள். கம்புக்கும் பல்லுக்கும் நடுவில் உதடு அகப்பட்டால் நோகும், பிறகு கம்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பும். தாடைக்குக் கீழ் இரண்டு விரலை வைத்து “பிடி” என்று ஒருதரம் சொல்லுங்கள்.

முதல் நாள் இரண்டு விநாடி போதும். காலையும் பின்னேரமும் ஐந்தைந்து நிமிடம் செய்து, பத்து விநாடி, அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று கூட்டுங்கள். சப்பினால் தாடையில் விரலால் மெல்லத் தட்டுங்கள். தடவிக் கொடுப்பதும் நல்ல வார்த்தை சொல்வதும் கம்பு வாயில் இருக்கும்போதே நடக்கவேண்டும். பலர் பிழைவிடுவது இங்கேதான். கம்பை விட்டதும் கருவாட்டுத் துண்டு கொடுத்தால், கெதியாகத் துப்பினால் சாப்பாடு வரும் என்று நாய் கணக்குப் போட்டுவிடும்.

வாங்கும்போது இழுக்காதீர்கள். இழுத்தால் பல்லை இறுக்கும், நாய் அமத்திக் கடிக்கப் பழகுவது இப்படித்தான். “விடு” என்று சொல்லி, கம்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளி உருட்டினால் வாய் தானாகத் திறக்கும். பிள்ளைகள் பழந்துணியைக் கொடுத்து இழுபறி விளையாடுவதையும் தடுத்துவிடுங்கள்.

ஒரு நிமிடம் அசையாமல் பிடித்தால், கயிற்றில் கட்டிப் பத்து அடி நடத்துங்கள். முதல் அடியிலேயே போட்டுவிடும், இது வழமை. விழுந்ததை நீங்கள் எடுக்காமல் அதன் வாயிலேயே திரும்ப எடுப்பியுங்கள். வரம்பு தாண்டியும் விழாமல் வந்தபிறகுதான் நிலத்திலிருந்து எடுக்கவும், 15 மீற்றர் கயிற்றோடு எறிந்ததைக் கொண்டுவரவும் பழக்கவேண்டும்.

அடுத்தது பாரம். உரப்பைத் துண்டில் வைக்கோல் அடைத்து, தாரா இறகைச் சுற்றிக் கட்டி, அரைக் கிலோவில் தொடங்கி ஒன்றரைக் கிலோ வரை ஏற்றுங்கள். பிறகு இறைச்சிக்கு வெட்டிய தாராவொன்றைச் சூடு ஆறியபின், செட்டையை உடம்போடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். நோயில் செத்த தாராவை ஒருபோதும் பாவிக்கவேண்டாம்.

அது கொண்டுவந்ததும், தாராவின் முதுகுப்பக்கமாகக் கையைப் போட்டு, பெருவிரலை ஒரு விலாவிலும் மற்ற விரல்களை மறு விலாவிலும் வைத்து அமத்திப் பாருங்கள். விலா வில்லுப்போல் திரும்ப எழும்பினால் நல்ல வாய். இரண்டு பக்கமும் நொறுங்கி உள்ளே போனால் நாய் நசித்திருக்கிறது. கம்புப் பாடத்துக்குத் திரும்புங்கள்.

வெட்டிய தாராவை ஐந்து தரம் தொடர்ந்து நசிக்காமல் கொண்டுவந்த பிறகே உயிர்த்தாராவைக் கொடுக்கலாம். செட்டை அடித்தால் எந்த நாயும் வாயை இறுக்கும். ஆதலால் துணியால் செட்டையைச் சுற்றி, நாய்க்கு இரண்டு மீற்றர் தூரத்தில் வைத்து எடுப்பியுங்கள். ஒரு நாளைக்கு ஒருதரம் மட்டும், தாராவும் பாவம்.

தண்ணீரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கரை ஏறியதும் நாய் உடம்பை உதறும், உதறும்போது வாயில் இருப்பதைப் போட்டுவிடும். ஆரம்பத்தில் நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, உதறமுன்னே வாங்கிவிடுங்கள். நாளுக்கு ஓரடியாகக் கரைக்குப் பின்வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தும் எட்டுக் கிழமையில் நசிப்பது நிற்காவிட்டால், அந்த நாயைத் தூக்கவிடாமல், தாராவைக் கூட்டுப்பக்கம் சாய்த்து ஓட்டிவர மட்டும் பாவியுங்கள். பின்னேரத் தீனியை ஒரே நேரத்தில் கூட்டுக்குள் வைத்தால் பெரும்பாலான தாராக்கள் தாமாக வரும், நாய்க்கு வேலையும் குறையும்.

குளத்தில் நிற்கும் சிறகி என்ற காட்டுத்தாராவையோ காட்டுக்கோழி, கௌதாரியையோ பிடிக்க இதைப் பாவிக்கவேண்டாம். 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் மாட்டுப்படுவீர்கள். விசர்நாய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் மிருக வைத்தியரிடம் கேட்டுப் போடுவியுங்கள், வயல் தண்ணீரில் நிற்கும் நாய்க்கு இரண்டும் தேவை. ஆடி, ஆவணியில் குளம் வற்றும்போது முதலைகள் மிஞ்சிய தண்ணீரில் ஒதுங்கி நிற்கும். அந்த நாட்களில், பொழுதுபட்டபின் நாயைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.