எழுபத்தெட்டுப் பேரின் பட்டியல்

அன்புள்ள சார்,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் பையர்களில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மனியும் நெதர்லாந்தும்தான். போன வாரம் முதலாளி வாட்ஸப்பில் ஒரு தாளை அனுப்பினார். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இசிஆர் என்று ஒரு பழமைவாதக் குழு இருக்கிறதாம். (எனக்குத் தெரிந்த இசிஆர் மகாபலிபுரம் போகிற ரோடுதான்.) வரப்போகும் அமர்வில் அவர்கள் எதையெல்லாம் முன்னிறுத்தப் போகிறார்கள் என்ற பட்டியல் அது. சட்டவிரோதமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது, விவசாயிகளை நெருக்கும் சுற்றுச்சூழல் விதிகளைத் தளர்த்துவது, பெட்ரோல், டீசல் கார் தடையைக் கைவிடுவது, கம்பெனிகள் மேல் இருக்கும் காகிதச் சுமையைக் குறைப்பது என்று போகிறது. "இவங்க கை ஓங்கினா நமக்கு ஆடிட் தொல்லை விட்டுது" என்கிறார் முதலாளி. (பையர்கள் எங்கள் கம்பெனியில் நடத்தும் சோதனையைத்தான் ஆடிட் என்கிறார்.) 720 பேர் உட்காரும் சபையில் 78 பேர் போடும் பட்டியலுக்கு அவ்வளவு பலம் உண்டா? உண்மையிலேயே எங்கள் வேலை குறையுமா?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

உங்கள் முதலாளி பார்த்த திசை சரி, கண்ட முடிவுதான் தப்பு. அதைச் சொல்வதற்கு முன் அந்தத் தாள் எதற்காக எழுதப்படுகிறது என்று பார்த்துவிடலாம்.

நம் எம்.பி. ஒருவர் தனிநபர் மசோதாவாவது கொண்டுவரலாம். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதற்கும் வழி இல்லை. சட்ட வரைவை முன்வைக்கும் உரிமை ஏறக்குறைய முழுக்க பிரஸ்ஸல்ஸில் இருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம்தான் இருக்கிறது. வந்த வரைவை நாடாளுமன்றம் திருத்தலாம், ஏற்கலாம், நிராகரிக்கலாம். ஒரு சட்டம் வேண்டும் என்று ஆணையத்தைக் கேட்கலாம். ஆகவே ஒரு குழு "எங்கள் முன்னுரிமைகள்" என்று அறிவித்தால் அதில் புதுச் சட்டம் எதுவும் இருக்காது. எதை விவாதத்துக்கு எடுப்பது, அதற்கு என்ன தலைப்பு வைப்பது, எந்தத் திருத்தத்தை வாக்கெடுப்புக்குத் தள்ளுவது, அவ்வளவுதான் அவர்கள் கையில் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலைக் குழுத் தலைவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். திங்கள் மாலை ஸ்ட்ராஸ்பூரில் அமர்வு தொடங்கும்போது இன்னொரு விவாதத்தைச் சேர்க்கச் சொல்லி ஒரு குழு கேட்கும், அடுத்த குழு மறுக்கும், அதற்கும் ஒரு வாக்கெடுப்பு நடக்கும்.

விவாதம் நடக்கும்போது அவையில் பெரும்பாலான இருக்கைகள் காலியாகவே கிடக்கும். ஆளுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பேசுகிறவரின் கண் கேமராவில் இருக்கும். அந்தத் துண்டு வீடியோ வார்சாவிலும் ரோமிலும் ஓட வேண்டும், அதற்குத்தான் பேச்சு. நண்பகல் வாக்கெடுப்பு நேரத்தில்தான் அவை நிறையும். திருத்தங்கள் சரசரவென்று போய்க்கொண்டே இருக்கும். அத்தனையையும் எல்லோரும் படித்துவிட்டு வருவதில்லை. குழு கொடுத்த தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே கூட்டலோ கழித்தலோ போட்டிருக்கும். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கட்டைவிரலை உயர்த்துவார், இல்லையென்றால் கவிழ்ப்பார். பின்னால் இருப்பவர்கள் பட்டனை அழுத்துவார்கள். முன்னுரிமைப் பட்டியலை விட அந்தக் கட்டைவிரலைத்தான் நான் நம்புவேன்.

இனி இந்த இசிஆர். முழுப்பெயர் ஐரோப்பியப் பழமைவாதிகள் மற்றும் சீர்திருத்தவாதிகள். 2009இல் இதைத் தொடங்கியவர்களில் முதல் ஆள் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி. அப்போது அதன் தலைவர் டேவிட் கேமரன். ஜெர்மனியின் கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள் இருக்கும் ஐரோப்பிய மக்கள் கட்சிக் குழு, ஒன்றியத்தை மேலும் மேலும் இறுக்கப் பார்க்கிறது என்று சொல்லி அதிலிருந்து வெளியே வந்தார்கள். போலந்தின் 'சட்டமும் நீதியும்' கட்சியும் செக் குடிமக்கள் ஜனநாயகக் கட்சியும் கைகோத்தன. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2020 ஜனவரி 31இல் பிரெக்ஸிட்டோடு பிரிட்டிஷ்காரர்கள் நாட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு கட்டியவர் காலி செய்துவிட்டார், குடிவந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்று அங்கே பெரிய தரப்பு இத்தாலியப் பிரதமர் ஜோர்ஜியா மெலோனியின் கட்சி. அடுத்தது போலந்துக்காரர்கள்.

78 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 2024 ஜூலையில் புதிய அவை கூடியபோது மக்கள் கட்சிக்கு 188, சோஷலிஸ்டுகளுக்கு 136, தாராளவாதிகளுக்கு 77. கூட்டினால் 401. இதுதான் பல காலமாக அவையை நடத்திவரும் நடுநிலைக் கூட்டு. இப்போது அதே 188உடன் வலப்பக்கம் இருப்பவர்களைச் சேர்த்துப் பாருங்கள். இசிஆர் 78, அதற்கும் வலதுபக்கம் இருக்கும் தேசபக்தர்கள் குழு 84, இறையாண்மைவாதிகள் 25. மொத்தம் 375. 720இல் பாதியைத் தாண்ட 361 போதும். அதாவது மக்கள் கட்சிக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. முந்தைய அவைகளில் வலப்பக்கக் கதவு இவ்வளவு அகலமாக இருந்ததில்லை.

தேசபக்தர்கள் குழுவுக்கு அவையின் துணைத்தலைவர் பதவியோ நிலைக்குழுத் தலைமையோ கொடுக்காமல் மற்றவர்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இசிஆருக்கு அந்தத் தீட்டு இல்லை. இரண்டு துணைத்தலைவர்கள் அவர்களுக்கு உண்டு. 2024இல் பட்ஜெட் குழுவும் விவசாயக் குழுவும் அவர்கள் தலைமையில் வந்தன. மக்கள் கட்சி வலப்பக்கம் திரும்ப நினைக்கும்போது முதலில் கைகொடுக்கத் தோதான ஆள் இவர்கள்தான். அதனால் உங்கள் முதலாளி அனுப்பிய தாளை இசிஆரின் ஆசைப்பட்டியலாகப் படிக்காதீர்கள். மக்கள் கட்சிக்குப் போட்ட தூண்டிலாகப் படியுங்கள். மீன் சிக்குகிறதா என்பதுதான் கேள்வி.

சிக்கியிருக்கிறது. உங்கள் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது.

2013 ஏப்ரல் 24இல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். இடிபாடுகளில் ஐரோப்பிய பிராண்டுகளின் லேபிள்கள் கிடைத்தன. சரியாகப் பதினோரு வருடம் கழித்து, 2024 ஏப்ரல் 24இல், பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளை சங்கிலியில் நடக்கும் மனித உரிமை மீறலுக்கும் சூழல் கேட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற சட்டத்தை நாடாளுமன்றம் ஏற்றது. 1,000 ஊழியர்களும் 45 கோடி யூரோ வருவாயும் இருந்தாலே வளையத்துக்குள் வரும். அடுத்த ஆண்டே, 2025 பிப்ரவரியில், 'எளிமையாக்கம்' என்ற பெயரில் ஆணையம் அதைத் திரும்பக் கையில் எடுத்தது. மக்கள் கட்சி முதலில் சோஷலிஸ்டுகளோடும் தாராளவாதிகளோடும் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தது. அக்டோபர் 22இல் ஸ்ட்ராஸ்பூரில் ரகசிய வாக்கெடுப்பு. ஆதரவு 309, எதிர்ப்பு 318. சமரசம் கவிழ்ந்தது. யார் காலை வாரினார்கள் என்று இன்றுவரை ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து, நவம்பர் 13இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சிறு அமர்வில், மக்கள் கட்சி வலப்பக்கக் கதவைத் திறந்தது. இசிஆர், தேசபக்தர்கள் எல்லோரும் சேர்ந்து 382 வாக்கில் காரியத்தை முடித்தார்கள். எதிர்ப்பு 249. வரம்பு 5,000 ஊழியர், 150 கோடி யூரோ என்று ஏறியது. டிசம்பரில் உறுப்பு நாடுகளோடு பேசி முடித்தபோதும் அந்த எண்கள் நின்றன. காகிதச் சுமை குறைய வேண்டும் என்று இசிஆர் எத்தனையோ அமர்வுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொண்டிருந்ததால் மட்டும் நடந்துவிடவில்லை. 188 பேருக்கு இடப்பக்கம் வழி அடைபட்ட நாளில் நடந்தது.

ஓநாய் கதையும் இப்படித்தான். ஓநாய்களைச் சுட அனுமதி வேண்டும் என்பது ஆடு வளர்ப்பவர்களின் நெடுநாள் கோரிக்கை, பழமைவாதிகள் விடாமல் தூக்கிப்பிடித்த கோரிக்கை. 2022 செப்டம்பரில் ஹனோவர் அருகே ஒரு ஓநாய் டாலி என்ற மட்டக்குதிரையைக் கொன்றது. டாலியின் சொந்தக்காரர் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஓநாயின் பாதுகாப்புத் தகுதியைக் குறைக்க ஆணையமே முன்மொழிந்தது. குதிரைக்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அதிகாரபூர்வமாகச் சொல்வார்கள், நாமும் நம்பி வைப்போம். 2025 மே மாதம் நாடாளுமன்றத்தில் அது 371 வாக்கு பெற்று நிறைவேறியது. கார் விஷயமும் அதே தடத்தில் போகிறது. 2035இலிருந்து விற்கும் புதுக் கார்களில் புகை நூறு சதவீதம் குறைய வேண்டும் என்றிருந்ததை 90 சதவீதம் ஆக்கலாம் என்று 2025 டிசம்பரில் ஆணையமே எழுதிக்கொடுத்துவிட்டது.

அந்தத் தாளில் இல்லாததையும் பார்க்க வேண்டும். குடியேற்றம் என்றால் திருப்பி அனுப்புவது மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது என்கிறீர்கள். அது ஏன்? படகில் வருகிறவர்கள் இறங்குவது இத்தாலியில். மற்ற நாடுகளும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்பது ரோமின் பழைய கோரிக்கை. ஒரு ஆளைக்கூட ஏற்க மாட்டோம் என்பது போலந்துப் பழமைவாதிகளின் நிலை. 2023 அக்டோபர் தேர்தலோடு சேர்த்து அதற்கென்றே ஒரு கேள்வி வைத்துப் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள், பாதிப் பேர்கூட ஓட்டுப் போடாததால் அது செல்லுபடியாகவில்லை. ஆளை ஏற்காவிட்டால் தலைக்கு 20,000 யூரோ கொடு என்கிறது 2024இல் நிறைவேறிய குடியேற்ற ஒப்பந்தம். இந்தப் பங்கீட்டைப் பற்றி இசிஆர் வாய் திறந்தால் உள்வீட்டிலேயே சண்டை வந்துவிடும். வந்தவர்களைத் திருப்பி அனுப்பு என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. ஆகவே அது பட்டியலில் முதலில் நிற்கிறது.

இந்த விரிசல் சும்மா ஊகமில்லை. 2024 நவம்பர் 27இல் புதிய ஆணையத்துக்கு ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. அந்த ஆணையத்தில் நிர்வாகத் துணைத்தலைவராக முன்மொழியப்பட்டவர் ரஃபாயேலே ஃபித்தோ, மெலோனி கட்சிக்காரர், முன்பு இசிஆர் குழுவுக்கே இணைத்தலைவராக இருந்தவர். இத்தாலியர்கள் ஆதரித்தார்கள். போலந்துக்காரர்கள் எதிர்த்தார்கள். ஒரே குழு. 370க்கு 282 என்று ஆணையம் தப்பித்தது. உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பதில் போலந்துப் பழமைவாதிகள் எல்லோருக்கும் முன்னால் நின்றார்கள். அதே கட்சி ஆட்சியில் இருந்தபோது, 2023 ஏப்ரலில், உக்ரைன் தானியம் உள்ளே வரக்கூடாது என்று எல்லையை அடைத்தது. ஆயுதமும் தானியமும் ஒரே பட்டியலில் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சரி, உங்கள் ஆடிட். இங்கேதான் முதலாளியின் கணக்கு இடறுகிறது. பையர் கேட்கும் ஆடிட், சான்றிதழ், வருகைப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு இதெல்லாம் பிரஸ்ஸல்ஸ் சட்டத்தால் வந்ததில்லை. அந்தச் சட்டத்துக்குப் பல வருடம் முன்பே பையர்கள் தங்கள் பெயர் கெடாமல் இருக்கக் கொண்டுவந்த வழக்கம் அது. உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். 5,000 ஊழியருக்கு மேல் இருக்கும் பெரிய சில்லறைக் கடைத் தொடர்கள் இன்னும் வளையத்துக்குள்தான் இருக்கின்றன, 2029இலிருந்து அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். சின்னக் கம்பெனிகளிடம் தேவையில்லாமல் தகவல் கேட்டுத் தொல்லை செய்யாதே என்று ஒரு பிரிவு புதுச் சட்டத்தில் இருக்கிறது, அது உண்மை. அதனால் உங்கள் எக்ஸெல் ஷீட்டில் நாலு வரிசை குறையலாம்.

உண்மையில் போனது வேறொன்று. 2024 சட்டத்தில், பெரிய கம்பெனியின் அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட ஐரோப்பா முழுவதுக்கும் பொதுவான ஒரு விதி இருந்தது. எளிமையாக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இனி அந்தந்த நாட்டுச் சட்டம் விட்ட வழி. உங்கள் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்றாவது பயன்பட்டிருக்கக்கூடிய ஒரே பகுதி அதுதான். காகிதம் பெரும்பாலும் தங்கிவிட்டது, காகிதத்துக்குப் பின்னால் இருந்த பிடி போய்விட்டது. சுமை என்று அவர்கள் சொன்னது ஐரோப்பியக் கம்பெனிகளின் சட்டத் துறைக்கு இருந்த சுமையை. உங்கள் அலுவலகத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஃபைல் சரிபார்க்கும் ஆளின் சுமை அந்த விவாதத்தில் யார் வாயிலும் வரவில்லை, இடதுசாரிகள் வாயிலும்தான்.

முதலாளியிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் பையர்களில் 5,000 ஊழியரும் 150 கோடி யூரோ வருவாயும் தாண்டியவர்கள் யார் யார் என்று. தாண்டியவர்களுக்குப் போகும் ஃபைல்களில் கை வைக்க வேண்டாம், அவை அப்படியே தேவைப்படும். தாண்டாதவர்கள் அனுப்பும் கேள்விப்பட்டியலில் எது சட்டம் கேட்பது, எது அவர்களாகக் கேட்பது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். விலை பேசும்போது அது உதவும்.

அன்புடன்.